முதல் இரண்டு வாரங்கள்: காவலில் இருக்கும் சிறுவர்களின் மனநலமும் போதையும்

ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் பதினாறு, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் செல்போன் பறிப்பிலோ அடிதடியிலோ கஞ்சா வழக்கிலோ பிடிபட்டால், அவனிடம் உடனே கேட்கப்படும் கேள்விகள் நமக்குத் தெரியும். கூட்டாளிகள் யார்? பொருள் எங்கே? முன்வழக்கு உண்டா? இவை தேவையான கேள்விகளே. பெரும்பாலும் கேட்கப்படாமல் போகும் கேள்விகள் வேறு. கடைசியாக எதை, எப்போது எடுத்தாய்? நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று? செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? முதல் வகைக் கேள்விகளால் ஒரு வழக்கை முடிக்கலாம். அந்தச் சிறுவன் அடுத்த வழக்கில் வருவானா மாட்டானா என்பது இரண்டாம் வகைக் கேள்விகளில் இருக்கிறது.

காவலில் இருக்கும் சிறுவர்களின் மனநலம், போதைப் பழக்கம் குறித்து உலகளவிலும் இந்தியாவிலும் தெரிந்திருப்பது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, சென்னையின் மேற்குப் புறநகரில் அது எங்கே அறுந்துபோகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை தருவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி இரண்டு இடங்களில் அடைபட்டுக் கிடக்கிறது: சிறுவன் காவலுக்குள் வரும் முதல் இரண்டு வாரங்களிலும், அவன் வீட்டுக்குத் திரும்பும் நாளிலும். இவ்விரண்டையும் திறக்காமல் சுவரை உயர்த்துவதாலும் கேமராக்களைக் கூட்டுவதாலும் பெரிய பயன் விளையாது.

இடமும் எல்லையும்

1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபின் இந்தப் பகுதி வேலை தேடி வருவோரின் ஊரானது. லேத் பட்டறைகள், பெயின்ட் அடிக்கும் கூடங்கள், அச்சகங்கள், ஆயத்த ஆடைக் கூடங்கள் என்று பெருகின. நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பரவிய பிறகு, தாயும் தகப்பனும் வெவ்வேறு ஷிப்டில் ஓடும் வீடுகள் ஏராளமாகிவிட்டன. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி பூந்தமல்லிக்கு அப்பால் குடப்பாக்கத்துக்கும் அம்பத்தூர் அத்திப்பட்டுக்கும் குடியமர்த்தப்பட்டது. நகரின் நடுவே பள்ளியும் நண்பர்களும் தாயின் வீட்டுவேலையும் ஒரே தெருவில் இருந்த பிள்ளைக்கு, இந்த இடமாற்றம் மூன்றையும் ஒரே நாளில் அறுத்துவிடக்கூடியது. பள்ளியிலிருந்து நின்றவனுக்கும் முதல் வழக்கில் மாட்டுபவனுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறியது.

நிர்வாக எல்லையையும் கவனிக்க வேண்டும். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் அந்த வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடிக்கின்றன. 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகமோ இந்த மூன்று பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கிறது. இளைஞர் நீதிக் குழுமமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மாவட்டவாரியாக அமைபவை. ஆகவே ஒரே ஆணையரகத்தில் பிடிபடும் சிறுவர்கள், சம்பவம் நடந்த தெருவைப் பொறுத்து இரு வேறு மாவட்ட அமைப்புகளின் கைக்குப் போகிறார்கள். வீடு ஒரு மாவட்டத்திலும் வழக்கு இன்னொரு மாவட்டத்திலும் இருக்கும் பையனைப் பின்தொடர்ந்து பார்ப்பது யார் பொறுப்பு என்பது முதல் நாளே குழம்பிவிடுகிறது.

கைக்கு எட்டுவது எது

"கஞ்சா" என்ற ஒற்றைச் சொல்லால் இந்தப் பிரச்சினையைப் பேசிப் பழகிவிட்டோம். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வந்து பொட்டலமாகப் பிரியும் கஞ்சா முக்கியமானதுதான். 2022இல் காவல்துறை நடத்திய 'கஞ்சா வேட்டை' போன்ற நடவடிக்கைகள் அதைக் குறிவைத்தே நடந்தன. ஆனால் ஒரு சிறுவனின் பழக்கம் பெரும்பாலும் கஞ்சாவில் தொடங்குவதில்லை. பள்ளி வாசலருகே கிடைக்கும் கூல் லிப், ஹான்ஸ், மாவா ஆகிய புகையிலைப் பொருட்களில் தொடங்குகிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் தின்னரும் பட்டறைப் பகுதியில் கேட்பாரில்லாமல் கிடைப்பவை. துணியில் நனைத்து முகர்ந்தால் போதும். அதற்கடுத்து வலிநிவாரண மாத்திரை. டிரமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தபின் டேபென்டடால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாயில் போட வேண்டிய அந்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு உயிரிழந்த இளைஞர்களைச் சென்னையும் புறநகரும் கண்டிருக்கின்றன.

தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் தயாரித்து 2013இல் வெளியான ஆய்வு, நாடு முழுவதும் போதைப் பழக்கமுள்ள 4,024 சிறார்களைச் சந்தித்தது. அவர்கள் புகையிலையைத் தொட்ட சராசரி வயது 12.3, முகரும் பொருட்களை 12.4; கஞ்சாவை 13.4, மதுவை 13.6. ஊசிக்கு வந்தபோது 15.1. பதினேழு வயதில் காவலுக்கு வரும் பையன் நேற்று கெட்டுப்போனவன் அல்லன் என்பதை இந்த வரிசை காட்டுகிறது. ஐந்து ஆண்டுகளாக அவன் இறங்கிக்கொண்டிருந்த படிகளில் எந்த ஒன்றிலும் பெரியவர்கள் யாரும் கைபிடிக்கவில்லை.

போதைப்பொருள் பயன்பாடு குறித்து எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், முகரும் பொருட்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 சதவீதம். 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருக்கும் போதை இது ஒன்றே. விலை குறைவு, வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை, பசியையும் அடக்கும். மூளையின் வெண்பொருளைச் சிதைக்கும் டொலுயீன் இவற்றில் பலவற்றில் இருக்கிறது. முகர்ந்தவுடன் இதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம் நேர்வதும் உண்டு.

எண்கள் சொல்வது

காவலில் உள்ள சிறார்களின் மனநலம் குறித்து உலகில் அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் சிகாகோவில் லிண்டா டெப்ளின் குழு நடத்தியது. 1990களின் பிற்பாதியில் தடுப்பு மையத்துக்கு வந்த 1,829 சிறார்களை அவர்கள் நேர்கண்டார்கள். பையன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதைப் பழக்கம் நோய் நிலையை எட்டியிருந்தது. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 19 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து, 32,000க்கும் மேற்பட்ட சிறார்களின் விவரங்களைப் பார்த்தது. பையன்களில் பத்தில் ஒருவருக்கும் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் கடும் மனச்சோர்வு. பையன்களில் சுமார் 17 சதவீதத்தினருக்குக் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. விகிதம் நாட்டுக்கு நாடு மாறினாலும் திசை ஒன்றே: வெளியே இருக்கும் சம வயதினரைவிடக் காவலில் இருப்போரிடம் நோய் பல மடங்கு.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காவலுக்கு வரும் சிறுமிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனாலேயே அவர்களுக்கான மருத்துவ ஏற்பாடு பேச்சிலேயே வருவதில்லை. மனச்சோர்வும் வன்முறைக்குப் பிந்தைய மனவடுவும் அவர்களிடமே அதிகம் என்று இந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

நம் நாட்டில் 2022இல் சிறார்கள் மீது 30,555 வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 16 முதல் 18 வயதினர். எந்தப் பிரிவில் எத்தனை வழக்கு என்று அந்தப் புள்ளிவிவரம் சொல்லும். பிடிபட்ட நாளில் எத்தனை பேர் போதையில் இருந்தார்கள், எத்தனை பேருக்கு மனநோய் இருந்தது என்று அதில் தேடினால் கிடைக்காது. நோயைப் பதிவுசெய்யாத அமைப்பால் மருந்தைத் திட்டமிட முடியாது.

எது முதலில்?

போதையால் மனம் கெட்டதா, மனம் நொந்து போதைக்குப் போனானா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆய்வுகள் மூன்று வழிகளைக் காட்டுகின்றன. முதல் வழியில் துன்பம் முன்னே வருகிறது: குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், தாயின் மரணம், பாலியல் சீண்டல், பள்ளியில் படிப்பு ஏறாமல் தினமும் பட்ட அவமானம். அதை மறக்கக் கிடைத்தது சொல்யூஷன். இரண்டாவது வழியில் போதை முன்னே வருகிறது: மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் நோய்களின் ஆபத்து கூடுகிறது, சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் அப்படித் தொடங்கலாம். மூன்றாவது வழியில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பிறவியிலேயே பொறுமையும் கவனமும் குறைவாக உள்ள பையனுக்குப் பள்ளியும் ஒத்துவராது, ஆபத்தான பழக்கத்திலிருந்து விலகி நிற்கவும் வராது.

நடைமுறையில் இதன் பொருள் ஒன்றுதான். போதையை மட்டும் நிறுத்திவிட்டு மனச்சோர்வை விட்டுவிட்டால் போதை திரும்பும். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுப் போதையைக் கேட்காமல் விட்டால் மருந்து வேலை செய்யாது. இரண்டையும் ஒரே மருத்துவர், ஒரே கோப்பில், சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

சிறார் நீதியில் தமிழகத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக்கூடாது என்ற கொள்கையில் இந்தியாவிலேயே முதல் மாகாணச் சட்டம் 1920இல் சென்னையில்தான் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 24 மணி நேரத்துக்குள் சிறுவனைக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல்நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. ஜாமீன்தான் விதி, காவல் விதிவிலக்கு. இரண்டு வாரங்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும்.

சிகிச்சை குறித்து இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. விசாரணைக் காலத்துக்கான கூர்நோக்கு இல்லத்திலோ, உத்தரவுக்குப் பின் அனுப்பப்படும் சிறப்பு இல்லத்திலோ உள்ள சிறுவன் மனநோயாளி என்றோ மது, போதைக்கு அடிமை என்றோ தெரியவந்தால் அவனை மனநல மருத்துவமனைக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் மறுவாழ்வு மையத்துக்கும் மாற்ற 93ஆவது பிரிவு குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. விசாரணை முடிவில் போதை மீட்புச் சிகிச்சைக்குப் போகுமாறு உத்தரவிடவும் 18ஆவது பிரிவில் இடமுண்டு. ஆனால் 93ஆவது பிரிவு "தெரியவந்தால்" என்றுதான் தொடங்குகிறது. யாரும் பரிசோதிக்காதபோது எதுவும் தெரியவராது.

நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கையின் படிவத்தையே எடுத்துப் பார்க்கலாம். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் அது 6ஆம் எண் படிவம். சிறுவனின் பழக்கங்கள் என்ற தலைப்பில் தொலைக்காட்சி பார்ப்பது, விளையாடுவது, படிப்பது, வரைவது ஆகியவற்றோடு புகை, மது, போதைப்பொருள் ஆகியவையும் வரிசையாக நிற்கின்றன. குற்றத்துக்கான காரணங்களின் பட்டியலில் பெற்றோரின் புறக்கணிப்பு, நண்பர்களின் தாக்கம் இவற்றோடு "போதைப்பொருள், மது வாங்குவதற்காக" என்றும் ஒரு வரி. டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பொருள், எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது, நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதற்குப் படிவத்தின் டிக் பதில் தராது. அக்கறையுள்ள அலுவலர் தனித்தாள் வைத்து எழுதுவார். பல வழக்குகளைச் சுமக்கும் அலுவலர் டிக்கோடு நிறுத்திக்கொள்வார். அந்த டிக்கை வைத்துக்கொண்டு ஒரு குழுமம் 93ஆவது பிரிவின் கீழ் உத்தரவிடுவது எளிதல்ல.

பொருளைக் கொடுப்பவர்கள் விஷயத்தில் சட்டம் பலவீனமாகியிருப்பதையும் சொல்ல வேண்டும். சிறுவனுக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 77ஆவது பிரிவின் கீழும், அவனை வைத்து மதுவையோ போதைப்பொருளையோ விற்றால் 78ஆவது பிரிவின் கீழும் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் 2021இல் செய்து 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய இந்தச் சட்டத்தின் குற்றங்களை, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை விசாரிக்க முடியாதவையாக ஆக்கிவிட்டது. டெல்லி குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கஞ்சா விற்றவனைப் பிடிக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கூல் லிப்பும் ஹான்ஸும் கொடுத்தவனுக்கு எதிராக 77ஆவது பிரிவே பெரிய ஆயுதம். அதன் முனைதான் மழுங்கியிருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 20 கிலோவைத் தாண்டிய கஞ்சாவோடு பிடிபட்டால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. குறைந்தபட்சம் 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்கள் இளைஞர் நீதிச் சட்டத்தில் 'கொடிய குற்றம்'. ஆகவே மூட்டை தூக்கிய பதினேழு வயதுப் பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்ற மதிப்பீடு தொடங்கிவிடும். அந்த மதிப்பீட்டைச் சாதாரணமாக எண்ணக்கூடாது, குழுமத்தில் உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடிய குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கும் அந்த உளவியலாளர், செல்போன் பறித்தவனுக்கும் கிடைக்க வேண்டும்.

முதல் நாட்களில் உடல் படும் பாடு

காவலின் முதல் வாரத்தை ஒரு மருத்துவரின் கண்ணால் பார்த்தால் படம் மாறிவிடும். வலிநிவாரண மாத்திரைக்கு அடிமையானவனுக்கு ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பெங்கும் வலி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிதல் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். தினமும் கஞ்சா புகைத்தவனுக்குத் தூக்கம் போகும், பசி போகும், எரிச்சல் கூடும். முதல் வாரம் கடுமையாக இருந்து இரண்டு வாரம் வரை நீளலாம். மதுவோ தூக்க மாத்திரையோ அதிகம் எடுத்தவனுக்குக் கை நடுக்கம் வரும். அது வலிப்பாக முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது இரவு பதினோரு மணிக்கு ஒரு கூடத்தில் நாற்பது பையன்களோடு படுத்திருக்கும் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வியர்வையில் சட்டை நனைந்திருக்கிறது. கால் தானாக ஆடுகிறது. மூன்றாவது முறை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறான். பக்கத்தில் படுத்தவன் திட்டுகிறான், இவன் கை ஓங்குகிறான். மேற்பார்வையாளருக்குத் தெரிவது ஒரு முரட்டுப் பையன். "நடிக்கிறான் சார், சரக்கு கேக்குது அவனுக்கு." சொன்னது பாதி உண்மை, உடம்பு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு விடை அடி என்று அவருக்குக் கற்பித்தது யார்? நோயின் அறிகுறி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காத அமைப்புத்தான். உரிய மருந்தும் தண்ணீரும் கண்காணிப்பும் கிடைத்தால் அந்த மூன்று இரவுகள் கழிந்துவிடும். கிடைக்காவிட்டால் அவை சண்டையாகவும் தற்காயமாகவும் தப்பியோட்டமாகவும் மாறும்.

2016 ஜூலையில் சென்னை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில் டியூப்லைட்டுகளை உடைத்துத் தங்கள் உடலைக் கீறிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தப்பியபோது, பேசப்பட்டதெல்லாம் பாதுகாப்புக் குறைபாடு. சுவரின் உயரம் அளக்கப்பட்டது. தன் கையைத் தானே அறுத்துக்கொள்ளும் நிலைக்கு அத்தனை பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன், சிறு திருட்டுப் புகாரில் கொண்டுவரப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டதாக எழுந்த வழக்கில் இல்லத்தின் பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள். அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அவர் 2023 நவம்பரில் அறிக்கை அளித்தார். இல்லங்களின் நிலையை ஒரு நீதிபதி முழுமையாகப் பார்த்தது நல்ல தொடக்கம். இனி வரும் சீர்திருத்தத்தின் மையத்தில் மருத்துவம் இருக்க வேண்டும்.

சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார்களுக்கான ஐ.நா.வின் 1990ஆம் ஆண்டு விதிகள், தகுதியுள்ளவர்கள் நடத்தும் போதைத் தடுப்பு, மறுவாழ்வுத் திட்டம் ஒவ்வொரு காவல் இல்லத்திலும் வேண்டும் என்கின்றன. நடைமுறையில் இது சாத்தியமா? காவலுக்கு வரும் 12 முதல் 17 வயதினருக்கென்றே அமெரிக்காவில் டாமஸ் கிரிஸ்ஸோவும் ரிச்சர்ட் பார்னமும் உருவாக்கிய மேஸி-2 என்னும் வினாத்தாளில் 52 கேள்விகள் உள்ளன. ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஊழியரே நடத்தலாம். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் கூர்நோக்கு இல்லச் சிறுவர்களோடு பல ஆண்டுகளாக வேலைசெய்து மதிப்பீட்டு முறைகளையும் ஆற்றுப்படுத்துநர் பயிற்சிகளையும் உருவாக்கியிருக்கிறது. நம்மிடம் கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அருகிலிருந்தும் தொலைவில்

கெல்லீஸ் இல்லத்திலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை கூப்பிடு தூரம். 1794இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் போதை மீட்புப் பிரிவும் உண்டு. அம்பத்தூருக்கு அருகே அண்ணா நகர் மேற்கு விரிவில், டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் உலகப் பெயர் பெற்றது. 1980 முதல் போதை மீட்பில் வழிகாட்டியாக இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அடையாற்றில். 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆவடியிலிருந்து நேரடி மின்சார ரயில். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. வசதியே இல்லாத ஊரின் கதையல்ல இது.

ஆனால் இந்த இடங்கள் பெரும்பாலும் பெரியவர்களை மனதில் வைத்து அமைந்தவை. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிறாரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே, அதுவும் பெரியவர்களிடமிருந்து தனியே என்கிறது. சரியான விதி. சிறாருக்கான தனிப் படுக்கைகள் போதுமான அளவில் இல்லாதபோது அதுவே மருத்துவமனை "எங்களிடம் இடமில்லை" என்று திருப்பியனுப்பவும், இல்லம் "அனுப்ப இடமில்லை" என்று வைத்துக்கொள்ளவும் காரணமாகிவிடுகிறது. மனமுடைந்த பெற்றோர் கடைசியில் தனியார் மறுவாழ்வு மையங்களின் கதவைத் தட்டுகிறார்கள். அவற்றில் சில எப்படிப்பட்டவை என்பதை 2022இல் ராயப்பேட்டையில் ஒரு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு காட்டியது.

திரும்பிப் போகும் நாள்

ஜாமீன் விதியாக இருப்பதால் பெரும்பாலான சிறுவர்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ வீடு திரும்புகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த இல்லமும் நல்ல குடும்பத்துக்கு ஈடாகாது. ஆனால் மருத்துவ நோக்கில் அது மிக ஆபத்தான நாள். சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். தெருமுனையில் பழைய ஆட்கள் காத்திருப்பார்கள். "உள்ளே போய் வந்தவன்" என்ற பெயர் ஒரு வகைக் கெத்தாகவும் ஒட்டிக்கொள்ளும். பள்ளி அவனைத் திரும்பச் சேர்க்கத் தயங்கும். பட்டறை முதலாளி காவலர் வந்து நிற்பாரோ என்று பயப்படுவார்.

இந்த நாளில் அவன் கையில் என்ன இருக்கிறது? ஜாமீன் உத்தரவு இருக்கும், அடுத்த விசாரணைத் தேதி இருக்கும். மருந்துச் சீட்டும், அடுத்த மருத்துவரின் பெயரும், ஆற்றுப்படுத்துநர் வீட்டுக்கு வரும் நாளும் இருக்க வேண்டாமா? காவல் மரணத்தையும் தப்பியோட்டத்தையும் செய்தித்தாள் எழுதும். வீடு திரும்பிய மறுவாரம் ஊசியால் இறந்தவன் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பதினெட்டைக் கடந்த இளைஞர்களுக்காகச் சென்னைக் காவல்துறையும் சிறைத்துறையும் சேர்ந்து நடத்தும் 'பறவை' திட்டம், முதல்முறை சிறைக்கு வந்தவர்களைப் பயிற்சிக்கும் வேலைக்கும் கொண்டுசெல்ல முயல்கிறது. குடிசைப் பகுதிகளில் காவல் சிறார் மன்றங்கள் மாலை வகுப்பும் விளையாட்டும் நடத்துகின்றன. கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பும் பதினாறு வயதுப் பையனை இவற்றோடு பெயர் சொல்லிக் கோர்த்துவிட ஒரு மனிதர் வேண்டும்.

எழும் ஆட்சேபங்கள்

பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டுக் குற்றவாளிக்குப் பரிவு காட்டுகிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொரட்டூரில் தாலிச்சங்கிலி பறிபோன பெண்ணின் கழுத்துக் காயம் உண்மை. திருமுல்லைவாயிலில் கத்திவெட்டுப்பட்ட மாணவனின் பயம் உண்மை. ஆனால் சிகிச்சை பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. விசாரணை நடக்கும், உத்தரவு வரும். நோய் தீராத பையன் அதே தெருவுக்குத் திரும்பினால் அடுத்த காயம் படுபவர் இன்னொரு பெண்தான். சிகிச்சை வேண்டும் என்பது பாதிக்கப்பட்டோர் பக்கத்து வாதமும்கூட.

சிறுவர்கள் நோயென்று பொய் சொல்லித் தப்பிப்பார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். சிலர் சொல்வார்கள். உண்மையையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கத்தான் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கிறார். பொய்யை அஞ்சி யாரையுமே கேட்காமல் விட்டால் நடுக்கத்திலும் வலிப்பிலும் கிடப்பவனையும் சேர்த்தே கைவிடுகிறோம். மூன்றாவது ஆட்சேபம் பணம். பத்து நிமிட வினாத்தாளுக்கும், வாரம் இருமுறை வரும் மனநல மருத்துவருக்கும், ஒரு மின்சார ரயில் பயணத்தில் எட்டும் மருத்துவக் கல்லூரிக்கும் ஆகும் செலவு, ஒருவனை இருபது வயதில் சிறையில் வைத்துச் சோறு போடும் செலவைவிடக் குறைவு.

என்ன செய்யலாம்

முதலாவது, காவலுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் போதை, தற்கொலை எண்ணம், மனநோய் மூன்றையும் கேட்கும் மதிப்பீடு நடக்க வேண்டும். அதில் சொன்னதைக் குற்றத்துக்குச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது; அந்த உறுதி இல்லாமல் எந்தப் பையனும் உண்மை சொல்ல மாட்டான். இரண்டாவது, சமூகப் புலனாய்வு அறிக்கையின் டிக்குகளுக்குப் பதிலாக ஒரு பக்க மருத்துவக் குறிப்பு இணைய வேண்டும். அப்போதுதான் 93ஆவது பிரிவு உயிர்பெறும். மூன்றாவது, மேற்பார்வையாளர் முதல் இரவுக்காவலர் வரை அனைவருக்கும் போதை நிறுத்தத்தின் அறிகுறிகளும் வலிப்புக்கு முதலுதவியும் கற்பிக்க வேண்டும். நான்காவது, கீழ்ப்பாக்கத்திலும் திருவள்ளூரிலும் சிறாருக்கென்று சில படுக்கைகள் ஒதுக்கப்பட வேண்டும். ஐந்தாவது, ஆவடி ஆணையரக எல்லைக்கு இரு மாவட்டங்களும் சேர்ந்து ஒரே பின்தொடர் குழு அமைக்க வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரத்தில் அந்தக் குழுவின் ஆற்றுப்படுத்துநர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆறாவது, 77, 78ஆவது பிரிவுகளைக் காவல்துறை நேரடியாக விசாரிக்கும் குற்றங்களாக மீண்டும் மாற்றுமாறு தமிழகம் மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.

இவற்றில் ஆறாவதைத் தவிர எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அரசாணையும் சில நியமனங்களும் ஓராண்டு விடாப்பிடியான மேற்பார்வையும் போதும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சிறுவனைச் சிறையிலிருந்து பிரித்து வைக்க நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அவனை நோயாளியாகவும் பார்த்து, நோய் தீரும்வரை கைவிடாமல் இருப்பது அந்தப் பணியின் மீதிப் பாதி. அதைத் தொடங்க ஆவடி ஆணையரகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை: பிரச்சினையும் இங்கே இருக்கிறது, மருத்துவமனைகளும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.